லேப்டாப் கையில்... லுங்கி பெட்டியில்!

வளைகுடா விமானம் வந்து இறங்கிய பிறகு, மதுரை விமான நிலையத்தில் லக்கேஜ் பெல்ட்டைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். சூட்கேஸ், சூட்கேஸ், டிராவல் பேக், மறுபடி சூட்கேஸ்... அப்புறம் ஆடி அசைந்து வரும் ஒரு அட்டைப்பெட்டி! நாலு பக்கமும் பிரவுன் டேப். டேப்புக்கு மேல் நைலான் கயிறு. கயிற்றுக்கு மேல் மறுபடி டேப். மார்க்கர் பேனாவில் கொட்டை எழுத்தில் பெயர், அப்பா பெயர், 'திருத்தங்கல், சிவகாசி வழி' என்று ஊர் வேறு. ஒரு மூலை மட்டும் முட்டியில் அடிபட்ட மாதிரி உள்ளே போயிருக்கும். உடையவர் அதைத் தூக்கிக் காதோரம் வைத்து லேசாக ஒரு குலுக்குக் குலுக்குவார். உள்ளேயிருந்து 'களக்' என்று ஒரு சத்தம்.

அந்த ஒரு 'களக்'கில் ஆறு மாச ஓவர்டைம் போச்சு!

இதில் வேடிக்கை என்னவென்றால், ஊர் திருத்தங்கல். பட்டாசு, தீப்பெட்டி, காலண்டர் என்று இந்தியா பூராவுக்கும் சரக்கு அனுப்புகிற வட்டாரம். உராய்ந்தால் ஆபத்து, நனைந்தால் நஷ்டம் என்கிற சாமானையெல்லாம் அட்டைப்பெட்டியில் அடுக்கி, லாரியில் ஏற்றி, குண்டும் குழியுமான ரோட்டில் வடநாடு வரைக்கும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கத் தெரிந்தவர்கள். இவர்களுக்குப் போய் பேக்கிங் சொல்லிக் கொடுப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். ஆனாலும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. பட்டாசுப் பெட்டிக்குக் காட்டுகிற பக்குவத்தில் பாதியைக்கூட நம் ஆட்கள் லேப்டாப்புக்குக் காட்டுவதில்லை. அதைவிட முக்கியமான விஷயம், அந்த லேப்டாப்புக்குள்ளேயும் ஒரு பட்டாசு இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு.

முதலில் அந்த 'களக்'.

"தூக்கி எறியறாங்க சார்!" என்பதுதான் எல்லோரும் சொல்லும் புகார். எறியவே வேண்டாம். கவுன்ட்டரில் கொடுத்த பெட்டி, ஒரு பெல்ட்டிலிருந்து இன்னொரு பெல்ட்டுக்குத் தாவி, சரிவில் சறுக்கி, இழுவை வண்டியில் ஏறி, விமானத்தின் வயிற்றுக்குள் நூறு பெட்டிகளுக்கு அடியில் போய்ப் படுக்கிறது. இறங்கும்போது இதே கதை தலைகீழாக. நடுவில் விமானம் மாறினால் இன்னும் ஒரு சுற்று! பேக்கிங் தொழிலில் உலகம் பூராவும் வைத்திருக்கும் ஒரு சாதாரணப் பரீட்சையில், ஒன்பது கிலோ வரையுள்ள பெட்டியை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து பத்துத் தடவை கீழே போடுகிறார்கள். ஒரு மூலை, மூன்று விளிம்பு, ஆறு பக்கம் என்று கணக்காக. 76 சென்டிமீட்டர் என்றால் சாப்பாட்டு மேஜை உயரம். உங்கள் பெட்டியை சாப்பாட்டு மேஜையிலிருந்து பத்துத் தடவை தள்ளிவிட மனசு வருமா? வராது என்றால் அந்தப் பெட்டி விமானத்துக்கும் தயாராகவில்லை.

அட்டை விஷயத்தில் திருத்தங்கல்காரர்களை ஏமாற்ற முடியாது. மூணு பிளையா, அஞ்சு பிளையா என்று விரலால் நசுக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். கோட்டை விடுவது உள்ளே இருக்கும் இடைவெளியில்தான். கேமராவைச் சுற்றி ஒரு துண்டு, அதற்கப்புறம் காலி இடம், அதற்கப்புறம் சுவர். விமானம் ஏறி இறங்குவதற்குள் கேமரா அந்தக் காலி இடத்தில் கபடி ஆடிவிடும்! பட்டாசு கேஸில் ஒரு டப்பா குறைந்தால்கூட அந்த இடத்தில் காகிதத்தைத் திணித்துத்தானே மூடுவார்கள்? அதே சூத்திரம்தான். பெட்டியை மூடிக் குலுக்கினால் எதுவும் கேட்கக் கூடாது.

சூட்கேஸாக இருந்தால் சாமானை நட்டநடுவில் வையுங்கள். சுவரை ஒட்டி வேண்டாம், சக்கரத்துக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். அடியில் லுங்கி, பக்கத்தில் துண்டு, மேலே பனியன். லுங்கியை விட நல்ல மெத்தை எந்தக் கடையிலும் கிடையாது. பூட்ஸ், தேங்காய் எண்ணெய் பாட்டில், மாமியாருக்கு வாங்கிய மிக்ஸி ஜார் எல்லாம் தூரத்தில். (எண்ணெய் பாட்டில் உடைந்தால் லேப்டாப் தலைக்குக் குளித்துவிடும்.) கேமராவிலிருந்து லென்ஸைக் கழற்றி, இரண்டுக்கும் மூடி போட்டுத் தனித்தனியாகச் சுற்ற வேண்டும். ஒட்டிக்கொண்டே போனால், விழுகிற வேகத்தில் இரண்டும் சேருகிற வளையத்தில்தான் அடி விழும்.

குமிழ் குமிழாக இருக்குமே, கையில் கிடைத்தால் குழந்தைகள் 'பட் பட்'டென்று வெடித்துத் தீர்க்கும் பபுள் ராப்... அதன் கதை தெரியுமா? 1957-ல் அமெரிக்காவில் ஆல்ஃப்ரெட் ஃபீல்டிங், மார்க் ஷவான் என்ற இரண்டு பேர் சுவரில் ஒட்டுகிற அலங்காரக் காகிதமாகத்தான் அதைச் செய்தார்கள். சுவரில் யாரும் ஒட்டவில்லை. அப்புறம் ஐ.பி.எம். கம்பெனி தன்னுடைய 1401 கம்ப்யூட்டரை அனுப்ப இதைச் சுற்றிப் பார்த்தது. அன்றைக்குப் பிடித்த மார்க்கெட்! ஆக, எலெக்ட்ரானிக் சாமானைச் சுற்றுவதில்தான் அதற்குப் பிழைப்பே கிடைத்தது. நாலு சுற்றுச் சுற்றுங்கள், ஆனால் நெஞ்சு நசுங்குகிற மாதிரி இறுக்க வேண்டாம். குமிழ் நசுங்கிவிட்டால் அது வெறும் பிளாஸ்டிக் தாள்தான்.

நின்ற திருக்கோலம்

சிங்கப்பூர், மலேசியா, துபாய் போய்வந்த வீடுகளில் ஒரு காலத்தில் நேஷனல் பானாசோனிக் டேப் ரிக்கார்டர்தான் அந்தஸ்து. அப்புறம் டூ-இன்-ஒன், வி.சி.ஆர்., கடைசியில் தட்டை டி.வி. சென்னை பர்மா பஜாரில் நடையாய் நடந்து பேரம் பேசினவர்கள், சொந்தத்தில் யாராவது வெளிநாட்டிலிருந்து வருகிறார் என்றால் லிஸ்ட்டை நீட்டிவிடுவார்கள். சிங்கப்பூர் முஸ்தபா சென்டரில் வாங்கி, ஒரு ஆள் உயரப் பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு திருச்சி விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தவர்கள் எத்தனை பேர்! 2013 ஆகஸ்ட் 26-ம் தேதியிலிருந்து அந்த ஊர்வலம் படுத்துவிட்டது. இலவச அனுமதியிலிருந்து தட்டை டி.வி.யை எடுத்துவிட்டு, 36.05 சதவிகிதம் சுங்க வரி போட்டார்கள். அதற்கப்புறம் உள்ளூர்க் கடையிலேயே மாதத் தவணையில் வாங்கிவிடலாம் என்று ஆகிவிட்டது.

அப்படியும் கொண்டுவந்தே தீருவேன் என்பவர்களுக்கு ஒன்று. திருத்தங்கல் மலையில் நின்ற நாராயணப் பெருமாள் எப்படி இருக்கிறார்? நூற்றெட்டு திவ்ய தேசங்களில் ஒன்று அது, பெயரிலேயே நிற்கிறார். தட்டை டி.வி.க்கும் நின்ற திருக்கோலம்தான். படுக்கப் போட்டு, மேலே நாலு சூட்கேஸ் ஏறினால் கண்ணாடியின் நடுவில் நட்சத்திரம் பூத்துவிடும். கம்பெனிக்காரன் கொடுத்த தெர்மோகோல் அச்சோடுதான் வர வேண்டும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய புடவையைச் சுற்றினால் நடக்கிற காரியமில்லை.

இன்னொன்று, கயிறு. வீட்டில் எல்லோரும் சேர்ந்து முழங்காலை வைத்து அமுக்கி இழுத்துக் கட்டுகிற கட்டு, பெல்ட்டில் மாட்டிக்கொண்டு மொத்த மெஷினையும் நிறுத்தும். துபாய் விமான நிலையத்தில் 2017 மார்ச்சிலிருந்து உருண்டையாகவோ, ஒரு பக்கமாவது தட்டையாக இல்லாமலோ வருகிற மூட்டையை ஏற்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கயிறு சுற்றிச் சுற்றிப் பூசணிக்காய் மாதிரி ஆக்கி வைத்தால் கவுன்ட்டரிலேயே பிரித்து மறுபடி கட்ட வேண்டியதுதான். பின்னால் நிற்கிற வரிசை பல்லைக் கடிக்கும்!

உள்ளே இருக்கிறது சரவெடி

இப்போது அந்தப் பட்டாசு விஷயம்.

செல்போன், லேப்டாப், கேமரா, பவர் பேங்க் எல்லாவற்றிலும் இருப்பது லித்தியம் பேட்டரி. அதன் குணத்தை மற்ற ஊர்க்காரர்களுக்கு விளக்க அரை மணி நேரம் ஆகும். சிவகாசி வட்டாரத்துக்கு ஒரே வார்த்தை போதும்... சரவெடி! உள்ளே ஒரு செல் கெட்டுப்போய் சூடு எகிறினால், அந்தச் சூடு பக்கத்து செல்லைப் பற்ற வைக்கும். அது அடுத்ததை. ஆரம்பித்துவிட்டால் முடியும் வரை ஓடும். அமுக்கிக் காற்றை அடைத்து அணைக்கலாம் என்றால் அதுவும் முடியாது. கருமருந்தில் வெடியுப்பு தானே ஆக்சிஜனைக் கொடுக்கிறதல்லவா, அதே போல இந்த பேட்டரியின் உள்ளே இருக்கும் ரசாயனமும் சூடேறினால் ஆக்சிஜனைக் கக்கும். (நிஜச் சரவெடிக்கு 2018-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டுவிட்டது. பையில் இருக்கிற சரவெடிக்குத் தடையில்லை, நிபந்தனை மட்டும்தான்!)

2010 செப்டம்பர் 3-ம் தேதி துபாயிலிருந்து ஜெர்மனியின் கொலோன் நகரத்துக்குக் கிளம்பியது ஒரு யு.பி.எஸ். சரக்கு விமானம். போயிங் 747. உள்ளே 80,000-க்கும் மேற்பட்ட லித்தியம் பேட்டரிகள். கொஞ்ச நேரத்தில் சரக்கு அறையில் தீ. விமானி அறை முழுக்கப் புகை. திரும்பி வந்து இறங்கப் பார்த்தார்கள், முடியவில்லை. விமானிகள் இரண்டு பேரும் இறந்து போனார்கள். பயணிகள் விமானத்தில் லித்தியம் அயான் பேட்டரிகளைத் தனிச் சரக்காக ஏற்றவே கூடாது என்று 2016 ஏப்ரலில் சர்வதேசத் தடை வந்ததற்குப் பின்னால் இந்த மாதிரி அனுபவங்கள் இருக்கின்றன.

அப்படியானால் பயணிகள் தூக்கிக்கொண்டு போகலாமா என்று கேட்பீர்கள். போகலாம். ஆனால் கையில்! பையில் புகை வந்தால் பக்கத்து சீட்காரர் கத்துவார், பணிப்பெண் ஓடி வருவார், தண்ணீரை ஊற்றிச் சூட்டைத் தணிப்பார்கள். 2025 அக்டோபரில் டெல்லியிலிருந்து திமாப்பூர் போக ஓடுபாதையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்த விமானத்தில், சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பையில் வைத்த ஒரு பவர் பேங்க் பற்றிக்கொண்டது. ஊழியர்கள் உடனே அணைத்துவிட்டார்கள், யாருக்கும் காயமில்லை. அதே பவர் பேங்க் கீழே சரக்கு அறையில் லுங்கிக்கு நடுவே இருந்திருந்தால்? அங்கே கத்த ஆளில்லை. இருப்பது ஹாலான் என்கிற தீயணைப்பு வாயு மட்டும். சாதாரணத் தீயை அது அமுக்கிவிடும், சரவெடியை நிறுத்தாது.

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2017-ல் இதைச் சோதித்தே பார்த்தது. ஒரு சூட்கேஸில் லேப்டாப், அதன் மேல் தலைக்கு அடிக்கிற உலர் ஷாம்பூ ஸ்பிரே டப்பா ஒன்று. பேட்டரியைச் சூடாக்கினார்கள். உடனே தீ. நாற்பது விநாடிக்குள் ஸ்பிரே டப்பா வெடித்துச் சிதறியது. நம்மூரிலிருந்து கிளம்புகிறவர்கள் பெட்டியில் லேப்டாப்புக்குப் பக்கத்தில் என்ன வைக்கிறார்கள்? சென்ட் ஸ்பிரே!

தலைக்கு மேலே இருக்கும் அலமாரியும் அவ்வளவு பத்திரமில்லை. 2025 ஜனவரி 28 அன்று தென் கொரியாவின் பூசான் நகரில், ஹாங்காங் கிளம்ப வேண்டிய ஏர் பூசான் விமானத்தில் அந்த அலமாரியில்தான் தீ பிடித்தது. விமானம் தரையிலேயே இருந்ததால் 176 பேரும் சறுக்கு வழியாக இறங்கித் தப்பித்தார்கள். கூரை பொத்துக்கொண்டு எரிந்தது. பவர் பேங்க்தான் காரணமாக இருக்கக்கூடும் என்றது விசாரணை. அதற்கப்புறம் பல விமானக் கம்பெனிகள், பவர் பேங்கை மேலே வைக்காதே, கண்ணுக்கு எதிரே வை, விமானத்துக்குள் அதில் சார்ஜ் போடாதே என்று கண்டிப்பு காட்டுகின்றன. கம்பெனிக்குக் கம்பெனி விதி மாறுகிறது, அதனால் டிக்கெட் போடும்போதே பார்த்துக்கொள்வது உத்தமம்.

பொதுவான கணக்கு ஒன்று உண்டு. பேட்டரியின் சக்தி 100 வாட்-அவர் வரை என்றால் கையில் எடுத்துப் போகலாம். 100-லிருந்து 160 வரை என்றால் விமானக் கம்பெனியிடம் முன்கூட்டியே அனுமதி. அதற்கு மேல் கிடையாது. பவர் பேங்கில் எம்.ஏ.ஹெச். என்று போட்டிருப்பானே, அதை 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள். 20,000 என்றால் 74. தாராளமாகப் போகலாம். 27,000 என்றால் 99.9, மயிரிழையில் தப்பு! 30,000 என்றால் 111, கேட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். எழுத்தெல்லாம் அழிந்துபோன பழைய பவர் பேங்காக இருந்தால் பாதுகாப்புக்காரர் கணக்குப் போட மாட்டார், குப்பைத் தொட்டியைக் காட்டுவார்.

உதிரி பேட்டரிகளைச் சில்லறைக் காசோடும் சாவிக்கொத்தோடும் ஒரே பையில் போடாதீர்கள். இரண்டு முனைகளையும் ஒரு சாவி தொட்டால் போதும். முனையில் கொஞ்சம் டேப் ஒட்டி, ஒவ்வொன்றையும் தனித் தனி கவரில் போடுங்கள். லேப்டாப்பைப் பெட்டியில்தான் வைத்தாக வேண்டும் என்கிற நிலை வந்தால், மூடி வைத்தால் தூங்குகிறதே, அது போதாது. முழுசாக ஆஃப் செய்ய வேண்டும்.

நிறையப் பேர் மாட்டிக்கொள்வது கடைசி நிமிஷத்தில்தான். விமானத்தின் வாசலில், "மேலே இடம் இல்லை சார், இந்தப் பையைக் கீழே போட்டுடறோம்" என்று சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்வார்கள். அந்தச் சிரிப்பில் மயங்காமல் பவர் பேங்க், லேப்டாப், கேமரா மூன்றையும் உருவிக்கொண்டு பையைக் கொடுங்கள். இதற்காகவே ஒரு மஞ்சள் பையை மடித்து வைத்துக்கொண்டால் நல்லது. அதேபோல, செல்போன் சீட் இடுக்கில் விழுந்துவிட்டால் சீட்டை முன்னே பின்னே நகர்த்தித் தேடாதீர்கள். நசுங்கினால் அதுவும் வெடிதான். பணிப்பெண்ணைக் கூப்பிடுங்கள்.

வேடிக்கையான முரண்பாடு ஒன்றும் நடந்தது. 2017 மார்ச்சில் அமெரிக்கா, துபாய், அபுதாபி, தோஹா உள்ளிட்ட பத்து விமான நிலையங்களிலிருந்து வருகிறவர்கள் லேப்டாப்பைக் கையில் கொண்டுவரக் கூடாது, பெட்டியில்தான் போட வேண்டும் என்றது. வெடிகுண்டு பயம். தீ பயம் 'கையில் வை' என்கிறது, குண்டு பயம் 'கீழே போடு' என்கிறது! துபாய் வழியாக அமெரிக்கா போன நம் ஐ.டி. பிள்ளைகள் முழித்தார்கள். எமிரேட்ஸ் கம்பெனி விமானத்தின் வாசல் வரை லேப்டாப்பை அனுமதித்து, அங்கே வாங்கிப் பெட்டியில் வைத்து அனுப்பியது. கத்தார் ஏர்வேஸ் சில பயணிகளுக்கு இரவல் லேப்டாப் கொடுத்தது. ஜூலைக்குள் தடை வாபஸ்.

உடைந்தால் யார் தருவார்?

சர்வதேசப் பயணத்துக்கு மான்ட்ரியல் ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கிறது. 1999-ல் போட்டது. இந்தியா 2009-ல் சேர்ந்தது. அதன்படி கவுன்ட்டரில் கொடுத்த பெட்டி தொலைந்தாலோ, உடைந்தாலோ, தாமதமானாலோ ஒரு பயணிக்கு அதிகபட்சம் 1,519 எஸ்.டி.ஆர். வரை கேட்கலாம். எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நிதியத்தின் கணக்கு நாணயம். இந்தத் தொகை 2024 டிசம்பர் 28 முதல் அமலில் இருப்பது, ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர் வரும். மொத்தப் பெட்டிக்கும் சேர்த்து அவ்வளவுதான். உள்ளே மூன்று லட்ச ரூபாய் கேமரா இருந்தது என்று அழுதாலும் அதற்கு மேல் இல்லை. முன்கூட்டியே மதிப்பை எழுதிக் கொடுத்துத் தனிக் கட்டணம் கட்டியிருந்தால்தான் உண்டு. டிக்கெட்டின் நிபந்தனைகளில் வேறு, எலெக்ட்ரானிக் சாமான்களைப் பெட்டியில் வைக்காதீர்கள், வைத்தால் நாங்கள் பொறுப்பல்ல என்று எறும்பு எழுத்தில் இருக்கும். அதை வைத்து வாதாடவும் செய்வார்கள்.

உடைந்த சாமானுக்கு ஏழு நாளுக்குள் எழுத்து மூலமாகப் புகார் கொடுக்க வேண்டும். வீட்டுக்குப் போய், விருந்து சாப்பிட்டு, குலதெய்வம் கோயிலுக்குப் போய்வந்து பத்தாம் நாள் பெட்டியைப் பிரித்தால் கதை முடிந்தது. அந்த 'களக்' சத்தம் கேட்டவுடனே, பெல்ட் பக்கத்திலேயே புகார்ச் சீட்டு வாங்கிவிடுங்கள். வெளியே வாடகைக் கார்க்காரர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். கிளம்பும் முன் சாமானையும், அதன் சீரியல் நம்பரையும், பேக்கிங்கையும் செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தால் பேச்சுக்கு வலு இருக்கும். போட்டோவும் கணக்கும் இருக்கும் ஹார்ட் டிஸ்க் என்றால் ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும். டிஸ்க்குக்கு நஷ்ட ஈடு கிடைக்கலாம், தங்கை கல்யாண வீடியோவுக்கு எந்த ஒப்பந்தத்திலும் விலை போடவில்லை.

ஒரு சந்தேகம் அடிக்கடி வரும், எக்ஸ்ரே மெஷினில் போனால் மெமரி கார்டு அழிந்துவிடுமா? அழியாது. பழைய ஃபிலிம் ரோல் வைத்திருப்பவர்கள்தான் பயப்பட வேண்டும். ட்ரோன் ஆசை இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை வந்தது. எவ்வளவு அழகாகப் பேக் செய்தாலும் சுங்கத்தில் மாட்டும்.

திருத்தங்கலுக்கென்றே ஒரு தனிப் பிரச்னை இருக்கிறது. தீபாவளி முடிந்து துபாய் திரும்புகிற வீட்டில் பேச்சு இப்படிப் போகும்:

"மாமா, ரூம்ல இருக்கிற பசங்க நம்ம ஊர் வெடி கேட்டாங்க..."

"வெடி வேண்டாம் மாப்ள, பிடிச்சு உள்ள போட்டுருவான். ரெண்டு பாக்கெட் கம்பி மத்தாப்பு வச்சுக்கோங்க. அது வெடியா? வெறும் குச்சிதானே!"

மாமாவுக்குக் குச்சி, எக்ஸ்ரே பார்ப்பவருக்கு வெடிபொருள்! மத்தாப்பு, பாம்பு மாத்திரை, பொட்டு வெடி எதுவும் கையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. மாமா அடுத்து செய்கிற உபகாரம் இன்னும் மோசம்: "நல்ல பையா இருக்கு மாப்ள, லேப்டாப்புக்கு அளவா இருக்கும்" என்று பட்டாசு ஆபீஸுக்கு அவர் தினமும் கொண்டுபோன பையை நீட்டுவார். விமான நிலையத்தில் பையை ஒரு சின்னத் துணியால் துடைத்துக் கருவியில் வைத்துப் பார்க்கிறார்களே, அது வெடிமருந்தின் தூசியைத் தேடுகிற கருவி. தையல் இடுக்கில் மருந்துத் தூள் இருந்தால் அது கத்தலாம். அப்புறம் மாப்பிள்ளை, "எங்க ஊர் சிவகாசி சார், எங்க மாமா..." என்று ஆரம்பித்து விளக்கி முடிப்பதற்குள் விமானம் கிளம்பிவிடும். மருந்து வேலைக்குப் போன பையும் சட்டையும் பயணத்துக்கு வேண்டாம், புதுப் பை வாங்குங்கள்.

சரி, எல்லாம் பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தாயிற்று. குழந்தைகள் பெட்டியைப் பிய்க்கும், ஒருவன் பிளக்கைத் தேடுவான். பொறுங்கள். ஜில்லென்று இருந்த சாமானை நம் வெக்கையில் திடீரென்று திறந்தால், ஐஸ் தண்ணீர் டம்ளரில் வேர்க்கிற மாதிரி உள்ளே வேர்த்துவிடும். இரண்டு மூன்று மணி நேரம் கவரைப் பிரிக்காமல் அப்படியே கிடக்கட்டும். அமெரிக்காவிலிருந்து வந்ததென்றால் அடாப்டரைத் திருப்பிப் படியுங்கள். 'இன்புட் 100-240' என்று போட்டிருந்தால் கவலையில்லை. வெறும் 120 என்று மட்டும் இருந்து, அதை நம் 230 வோல்ட்டில் செருகினால் ஒரு புகை வரும் பாருங்கள்... அந்தப் புகைக்கு மான்ட்ரியல் ஒப்பந்தத்தில் இடமே கிடையாது!